முப்பது நாள் முழு உணவுக் கட்டுப்பாட்டில் கிழங்கு சாப்பிடலாமா? சிங்கப்பூர்ச் சமையலறையிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

சோறு இல்லை, தோசை இல்லை, பருப்பு இல்லை, பால் இல்லை, சீனி இல்லை. 30 நாளைக்கு இப்படி இருக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால் உடனே வரும் கேள்வி: "அப்போ என்னதான் சாப்பிடுவே?" இந்தக் கட்டுப்பாட்டில் இரண்டு முறை இருந்து பார்த்தவள் நான். முதல் முறை கிழங்கையும் பயந்து ஒதுக்கிவிட்டேன். 11ஆம் நாள் வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போதே கால் துவண்டது. இறங்கியதும் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்கு ஏற முடிந்தது. இரண்டாம் முறை வேளைக்கு ஒரு கிழங்கு தட்டில் இருந்தது. 30 நாளும் முடிந்தது.

அதன் பிறகு உறவுக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. சமைத்தும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நீரிழிவுக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் அதற்கான பதிலை முதலில் படித்துவிட்டு மற்றதற்கு வாருங்கள்.

இது என்ன கட்டுப்பாடு?

ஹோல்30 என்ற பெயரில் 2009இல் அமெரிக்காவில் தொடங்கியது. 30 நாளைக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் உட்பட எந்தத் தானியமும் கிடையாது. பருப்பு, கடலை, சோயா கிடையாது. பால், தயிர் கிடையாது. சீனி, தேன், பனைவெல்லம், செயற்கை இனிப்பு, மது எதுவும் கிடையாது. இறைச்சி, மீன், முட்டை, காய், பழம், கொட்டைகள், தேங்காய், நல்ல எண்ணெய் இவை உண்டு. நெய் உண்டு, ஏனென்றால் உருக்கும்போது பால் திரட்டு நீங்கிவிடுகிறது. 30 நாள் முடிந்ததும் விட்ட பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது நம் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று பார்க்க வேண்டும். நோக்கமே அதுதான்.

கிழங்கு தின்றால் கட்டுப்பாடு முறிந்துவிடாதா?

முறியாது. இந்த முறையில் கிழங்கும் ஒரு காய்தான். சீனிக்கிழங்கு, அதாவது சர்க்கரைவள்ளி, ஆரம்பத்திலிருந்தே அனுமதியில் இருந்தது. உருளைக்கிழங்கை மட்டும் முதலில் ஒதுக்கியிருந்தார்கள். 2014இல் அந்த விதியை மாற்றி உருளையையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய பட்டியலைப் பார்த்துவிட்டு இன்னமும் "உருளை கூடாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் குழப்பம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: சிப்ஸ், பிரெஞ்சு ஃபிரைஸ் கூடாது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

மாவுச்சத்து வேண்டாம் என்றுதானே சோற்றை விடுகிறோம்? கிழங்கும் மாவுச்சத்துதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். நானும் முதல் முறை இப்படித்தான் நினைத்தேன். சோற்றை விடச் சொல்வது மாவுச்சத்துக்காக இல்லை. இது மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ முறையும் இல்லை. தானியம், பருப்பு, பால் போன்ற சில உணவு வகைகளைக் கொஞ்ச நாள் விலக்கிவைத்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் இது. கீட்டோவையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் இரண்டுமே நடக்காது.

நம்மில் பலர் தினமும் இரண்டு வேளை சோறோ இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுப் பழகியவர்கள். அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டு வெறும் கீரையும் மீனும் சாப்பிட்டால் முதல் வாரத்திலேயே தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். மனவுறுதி இல்லை என்று நம்மையே திட்டிக்கொள்வோம். உண்மையில் சாப்பாடு போதவில்லை, அவ்வளவுதான்.

எண்ணிக்கையில் பார்ப்போம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. 100 கிராம் அவித்த உருளையில் சுமார் 20 கிராம், 87 கலோரி. அவித்த சீனிக்கிழங்கில் சுமார் 18 கிராம், 76 கலோரி. அதாவது அதே எடைக்கு இந்த இரண்டு கிழங்கிலும் மாவு குறைவு, தண்ணீரும் நார்ச்சத்தும் கூடுதல். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, எது அதிக நேரம் பசியடக்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்தால் அவித்த உருளைக்கிழங்குக்கு 323. பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். பசிதான் கட்டுப்பாட்டை முறிக்கிறது. பசியை அடக்கும் பொருளையே ஒதுக்கிவைத்தால் எப்படி?

தட்டில் எவ்வளவு வைக்கலாம்?

சோறு இருந்த இடத்தில் கிழங்கை வையுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு முழுதானியம், கால் பங்கு புரதம். அந்த முழுதானியக் கால் பங்கை இந்த 30 நாளும் கிழங்குக்குக் கொடுத்துவிடலாம். கைக்கணக்கில் ஒரு முஷ்டி அளவு. வெயிலில் நின்று வேலை செய்கிறவர்கள், ஓடுகிறவர்கள், பந்து விளையாடுகிறவர்கள் இரண்டு முஷ்டி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் தட்டில் வைக்கும்போது கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். உருளைப் பொரியலையும் சேம்பு வறுவலையும் வைத்துக்கொண்டு "இரண்டு காய் ஆச்சு" என்று சொன்னால் அது இரண்டு தடவை சோறு வைத்த மாதிரி. பக்கத்தில் கங்கோங் கீரை, முருங்கைக்கீரை, புடலை, பாகற்காய் என்று ஏதாவது பச்சை நிறக் காயோ கீரையோ இருக்கட்டும்.

சிங்கப்பூரில் எந்தக் கிழங்கெல்லாம் கிடைக்கும்?

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நம் ஊரைப்போல் வசதியான இடம் குறைவு. தமிழர், மலாய்க்காரர், சீனர் மூவரும் கிழங்கு தின்று வளர்ந்தவர்கள், மூவரின் கிழங்கும் ஒரே தீவில் கிடைக்கிறது.

தேக்கா ஈரச்சந்தையிலும் பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகளிலும் சேனை, சின்னச் சேம்பு, வாழைக்காய், பரங்கி எல்லாம் வாங்கலாம். பொங்கல் நெருங்கினால் லிட்டில் இந்தியா பக்கம் போய்ப் பாருங்கள், சிறுகிழங்கு கண்ணில் பட்டால் விடாதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்கு அதன் அருமை தெரியும். தோலைச் சுரண்டத்தான் பொறுமை வேண்டும். சாக்குப்பையில் போட்டுத் தரையில் தேய்ப்பது ஊர் வழக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான் பழைய துண்டில் கட்டிச் சமையலறைத் தொட்டியில் தேய்க்கிறேன்.

கேலாங் செராய் சந்தைக்குப் போனால் மரவள்ளி, மலாயில் உபி காயு. பக்கத்திலேயே கெலெடெக், அதாவது சீனிக்கிழங்கு, மஞ்சள், ஊதா, வெள்ளை நிறங்களில் இருக்கும். அதன் கொழுந்து இலையும் கட்டாகக் கிடைக்கும். அந்தக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்தால் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

சீனர் கடைகளில் தாமரைத்தண்டு, நீளமான குச்சிபோன்ற வழுவழுப்பான மலைக்கிழங்கு, பங்குவாங். தாமரைத்தண்டைக் கோழி எலும்போடு சூப் வைக்கலாம். கடைச் சூப்பில் வேர்க்கடலை போடுவார்கள், அது இந்த 30 நாளைக்கு ஆகாது. பங்குவாங்கில் மாவு மிகக் குறைவு, பசிக்கு உதவாது. பச்சையாகக் கடித்துத் தின்ன நன்றாக இருக்கும்.

ஜப்பான் சீனிக்கிழங்கை டான் டான் டாங்கி கடைகளில் சுட்டே விற்கிறார்கள். தோல் ஊதாவாக, உள்ளே மஞ்சளாக, தேன் வடியும். எதுவும் சேர்க்காத முழுக் கிழங்குதான், ஆனால் மற்றதைவிட நல்ல இனிப்பு. எனக்கு அது இனிப்புப் பலகார ஆசையைக் கிளப்பிவிட்டது. முதல் இரண்டு வாரம் தள்ளிவைத்தேன்.

சந்தையில் "யாம்" என்று எழுதியிருக்கிறதே, அது எது?

சிங்கப்பூரில் யாம் என்றால் பெரிய சேம்பு. மலாயில் கெலாடி. வெட்டினால் வெள்ளைச் சதையில் ஊதா நரம்பு ஓடியிருக்கும். நம் சேப்பங்கிழங்கின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேனை வேறு, கருணை வேறு. இணையத்தில் அமெரிக்கச் சமையல் குறிப்பில் யாம் என்று வந்தால் அது பெரும்பாலும் ஆரஞ்சு நிறச் சீனிக்கிழங்கு. குறிப்பைப் பார்த்துச் சந்தைக்குப் போனால் தவறான கிழங்கோடு வீட்டுக்கு வருவீர்கள்.

வேகவைத்த சேம்பில் 100 கிராமுக்குச் சுமார் 35 கிராம் மாவு, சோற்றைவிடக் கூடுதல். அதனால் அதை மட்டும் கொஞ்சம் குறைவாக வைக்க வேண்டும்.

சேம்பும் சேனையும் நாக்கை அரிக்கிறதே?

அதில் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசிபோன்ற நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. அவை குத்துவதால்தான் அரிப்பு. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கிழங்கும் கையும் ஈரமில்லாமல் நறுக்குங்கள். புளித் தண்ணீரில் நன்றாக வேகவையுங்கள். அரைவேக்காடு ஆகவே ஆகாது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் சேம்பையும் சேனையையும் விட்டுவிட்டு வேறு கிழங்குக்குப் போவது நல்லது.

மரவள்ளியில் விஷம் இருக்கிறது என்கிறார்களே?

பச்சை மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை நசுக்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிவரும். அதனால்தான் நம் பாட்டிமார்கள் பச்சை மரவள்ளியைக் கடிக்கவிடவில்லை. சந்தையில் விற்பது இனிப்பு வகை, அதில் இது குறைவு. மேல்தோலோடு அடியில் இருக்கும் தடித்த ரோஜா நிறத் தோலையும் உரித்துவிடுங்கள். துண்டுகளாக்கி நிறைய தண்ணீரில், பாத்திரத்தை மூடாமல், நன்றாகக் குழையும்வரை வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெந்த கிழங்கு கசந்தால் தின்னாதீர்கள்.

மரவள்ளி கனமான கிழங்கு. பச்சையாக நிறுத்தால் 100 கிராமில் சுமார் 38 கிராம் மாவு, 160 கலோரி. புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. மீனோ முட்டையோ இல்லாமல் மரவள்ளியை மட்டும் சாப்பாடாக்காதீர்கள்.

என் பாட்டி மரவள்ளியை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். 1942இலிருந்து 1945வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் சிங்கப்பூரே மரவள்ளியிலும் சீனிக்கிழங்கிலும்தான் உயிர் பிழைத்தது. அவர் அந்த மூன்றரை வருடத்தையும் அந்தக் கிழங்கோடுதான் நினைவு வைத்திருந்தார். வீட்டில் வயதானவர்கள் இருந்து, "இதையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்று முகம் சுளித்தால் வாதாடாதீர்கள். அவர்கள் பட்டது அது.

சிப்ஸ், வறுவல் ஏன் கூடாது? வீட்டிலேயே நல்லெண்ணெயில் பொரித்தால்?

எண்ணெய் மட்டும் காரணமில்லை. ஒரு அவித்த உருளை தின்றால் போதும் என்றிருக்கும். சிப்ஸ் பாக்கெட்டில் மூன்று உருளை போனாலும் கை நிற்காது. அந்தக் கை நிற்காத பழக்கத்தை உடைக்கத்தான் இந்த 30 நாள். எண்ணெய் தடவி அடுப்பில் வாட்டுவது, ஏர்ஃபிரையரில் துண்டுகளாகச் சுடுவது, கடாயில் ஒரு கரண்டி எண்ணெயில் பிரட்டுவது இவை சரி. காகிதம்போல மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று ஆக்கினால் அது எந்த இயந்திரத்தில் வெந்தாலும் சிப்ஸ்தான்.

மரவள்ளி மாவில் ரொட்டி சுடுவதும் இதே கணக்கு. பொருள் அனுமதியில் இருக்கலாம். ஆனால் ரொட்டி, தோசை, கேக் போன்றவற்றைப் போலி செய்து சாப்பிடக் கூடாது என்பது இந்த முறையின் விதி.

ஜவ்வரிசி, மக்காச்சோளம், பட்டாணி?

ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து மாவை மட்டும் பிரித்து உருட்டியது, முழுக் கிழங்கு இல்லை. பாயசத்துக்கு எப்படியும் சீனி வேண்டும், விட்டுவிடுங்கள். மக்காச்சோளம் தானியம், கூடாது. பச்சைப் பட்டாணியும் பீன்ஸும் உண்டு.

தாளிப்பில் என்ன மாற்ற வேண்டும்?

தெரியாமல் தவறுவது இங்கேதான். உருளைப் பொரியலுக்கு நாம் தன்னிச்சையாக உளுத்தம்பருப்பைப் போடுவோம். அது பருப்பு. கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை போதும். சாம்பார்ப் பொடியில் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் இருக்கும். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கோதுமையால் ஏற்படும் சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு 30 நாளைக்கு மட்டுமல்ல, எப்போதுமே இது முக்கியம்.

மசாலாவுக்குத் தேக்காவில் ரெம்பா அரைத்துத் தரும் கடை இருக்கிறது. மீன் கறிக்கு என்று சொல்லி, மாவோ கடலையோ சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லி வாங்கினால் வேலை பாதி குறையும். தேங்காய்ப்பாலும் பிழிந்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

நான் அடிக்கடி செய்வது: சேனையை மஞ்சள், புளி, உப்போடு முக்கால் பதம் வேகவைத்து, மிளகும் சோம்பும் நசுக்கிப் போட்டு, இரும்புக் கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வைப்பேன். பக்கத்தில் குடம்புளி போட்ட மீன் குழம்பு. சோறு இல்லை என்ற நினைப்பே வராது.

நீரிழிவு உள்ளவர்கள் இதைச் செய்யலாமா?

மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள். இதை நான் வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்தது ஏன் என்பது நம் வீடுகளுக்கே தெரியும். சீனர்களைவிட இந்தியரிடமும் மலாய்க்காரரிடமும் இந்த நோய் அதிகம்.

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிபிசைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், மருந்து அதே அளவில் இருக்க உணவு குறைந்து, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, மயக்கம்வரை போகும். அப்படி ஆனால் உணவுக் கட்டுப்பாட்டை மறந்துவிட்டு உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே அது வரக்கூடும். அதனால்தான் இவர்களுக்குக் கிழங்கையும் சேர்த்து ஒதுக்குவது இன்னும் ஆபத்து.

மறுபக்கம், கிழங்கு இயற்கையானது என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைக்க வேண்டாம். ஏறும். மசித்த உருளை வேகமாக ஏற்றும். சீனிக்கிழங்கை அவித்தால் மெதுவாகவும், அடுப்பில் நெடுநேரம் சுட்டால் வேகமாகவும் ஏறும், ஏனென்றால் சூட்டில் அதன் மாவு மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. கீரையும் மீனும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கிழங்கைக் கடைசியில் சாப்பிடுவது உதவும். உங்களுக்கு எந்தக் கிழங்கு எவ்வளவு ஏற்றுகிறது என்பதை விரல் குத்திப் பார்க்கும் கருவியே சொல்லிவிடும்.

பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது "டயட் இருக்கப் போறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எதை விடப் போகிறீர்கள், அதற்குப் பதில் எதைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருந்தைக் குறைக்க வேண்டுமா என்று அவர்கள் தீர்மானிக்க அது வேண்டும். உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

சிறுநீரகக் கோளாறு இருந்தால்?

உருளை, சீனிக்கிழங்கு, சேம்பு, வாழைக்காய் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுப்பாடு உங்களுக்கு இல்லை. சின்னத் துண்டாக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஓரளவு குறையும், ஆனால் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் சைவம். கிழங்கை வைத்து ஒப்பேற்றிவிடலாமா?

முடியாது. கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் நெருங்கிய உறவுப் பெண் ஒருத்தி இதைத்தான் செய்து முடி உதிர்ந்து, சோர்ந்துபோய் நின்றாள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 48 கிராம் புரதம் வேண்டும். ஒரு கிலோ உருளையில் சுமார் 20 கிராம்தான். அப்படியென்றால் தினமும் 2 கிலோவுக்கு மேல் உருளை தின்ன வேண்டும். சைவச் சாப்பாட்டில் புரதம் பருப்பிலும் தயிரிலும் பாலிலும்தான் இருக்கிறது. இந்த விதி அந்த மூன்றையும் பிடுங்கிவிடுகிறது. மிச்சம் இருக்கும் கொட்டைகளை எவ்வளவு தின்ன முடியும்?

முட்டை சாப்பிடும் சைவம் என்றால் வழி உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். சுத்த சைவம் என்றால், தாவர உணவுக்காரர்களுக்கென்று இந்த முறையிலேயே பின்னாளில் வந்த தனி வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பருப்பும் தவ்வும் (டோஃபு) உண்டு, தானியமும் சீனியும் இல்லை. நெய்யும் இல்லை. பருப்புக் குழம்பும் சேனையும் கீரையும் வைத்துச் சாப்பிட்டால் அது நம் விரத நாள் சாப்பாட்டுக்கு ரொம்ப தூரமில்லை. விதியை இப்படி வளைத்தால் தோற்றுவிட்டோம் என்று நினைக்காதீர்கள். இந்த விதியை எழுதியவர்கள் பருப்பை நம்பி வாழும் நம் வீட்டை நினைத்து எழுதவில்லை.

கிழங்கு வாயு என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

சிலருக்கு உண்மைதான். ஜீரணமாகாமல் பெருங்குடலுக்குப் போகும் மாவை அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைப்பதால் வாயு உண்டாகிறது. நன்றாக வேகவைத்து, இஞ்சி, பூண்டு, சீரகம் சேர்த்து, சிறிய அளவில் தொடங்கினால் ஒரு வாரத்தில் பழகும். பழகவே இல்லை என்றால் கிழங்கை மாற்றிப் பாருங்கள். எனக்குச் சேம்பு ஒத்துக்கொள்ளாது, சேனை ஒத்துக்கொள்ளும்.

அவித்து ஆறவைத்த கிழங்கு நல்லதாமே?

ஆம். வெந்த மாவு குளிரும்போது அதில் ஒரு பகுதி இறுகி, எளிதில் ஜீரணமாகாத மாவாக மாறுகிறது. சர்க்கரை ஏறுவது ஓரளவு மெதுவாகும். திரும்பச் சூடாக்கினாலும் அது முழுவதும் போய்விடாது. வித்தியாசம் பெரிதில்லை, அதை நம்பி இரண்டு மடங்கு தின்ன வேண்டாம். ஆறியதும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நம் சூட்டில் மேசைமேல் இரவு முழுக்க வைத்தால் கெட்டுப்போகும்.

பச்சைக் கிழங்கு வேறு. பச்சைச் சீனிக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைத்தால் நடுவில் கட்டியாகி வேகவே வேகாது. உருளையை வெங்காயத்திலிருந்து தள்ளி, இருட்டில், காற்றுப்பட வையுங்கள். பச்சை நிறம் ஏறிய உருளையில் சோலனின் என்ற நச்சு இருக்கும், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காலையில் இட்லிக்குப் பதில் என்ன?

முதல் நாள் இரவே அவித்த சீனிக்கிழங்கு, இரண்டு முட்டை, கொஞ்சம் தேங்காய்ச் சட்னி. சட்னியில் பொட்டுக்கடலை கூடாது. நேரமிருந்தால் உருளையைத் துருவி முட்டையோடு கல்லில் ஊற்றலாம். அது தோசை மாதிரி இருக்குமே என்று கேட்டால், ஆமாம், எல்லையில் நிற்கிற பண்டம்தான். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் நான் செய்வதில்லை.

வெளியே சாப்பிட நேர்ந்தால்?

உணவங்காடி நிலையத்தில் கிழங்கு கிடைக்கும், ஆனால் நமக்கு ஆகிற மாதிரி கிடைக்காது. யாம் கேக்கில் அரிசி மாவு. கேரட் கேக்கிலும் அதே, அதில் கேரட்டும் இல்லை, வெள்ளை முள்ளங்கிதான். புபூர் சாச்சாவில் சீனிக்கிழங்கும் யாமும் இருந்தாலும் சீனி கொட்டிக் கிடக்கும். அவித்த மரவள்ளி விற்கிற இடத்தில் மேலே தேங்காய்த்துருவலும் சீனியும் தூவுவார்கள். தூவுவதற்குமுன் சொல்லிவிட வேண்டும்.

நான் டப்பாவில் அவித்த கிழங்கைக் கொண்டுபோய்விடுவேன். பால் ஊற்றாத மீன் சூப், பீஹூன் (அரிசிச் சேமியா) இல்லாமல், கீரை கூடுதலாகக் கேட்டு வாங்கி, அதில் கிழங்கைப் போட்டுச் சாப்பிட்டால் நல்ல மதியச் சாப்பாடு. அதில் சோயா சாஸோ சுவையூட்டியோ கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அலுவலக மதியத்தில் அதைவிடச் சுத்தமாக எனக்குக் கிடைக்கவில்லை. மீன் உருண்டையை மட்டும் ஒதுக்குங்கள், மாவு சேர்த்ததாக இருக்கும். எகானமி ரைஸ் கடையில் குழம்பெல்லாம் சோளமாவில் கெட்டியானது. ஒரு கடையில் வெறும் கீரை என்று கேட்டு வாங்கியதிலும் வேர்க்கடலை இருந்தது. கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

காப்பி-ஓ கோசோங்கில் சீனி இல்லையே என்பார்கள். கடைக் காப்பிக்கொட்டையை வழக்கமாகச் சீனியும் மார்ஜரினும் சேர்த்தே வறுப்பார்கள். கண்டிப்பாக இருக்க விரும்பினால் வெறும் தேநீர், சீனி இல்லாமல்.

கிழங்கு தின்றால் எடை குறையாதா?

முதல் வாரத்தில் மடமடவென்று குறைவது பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்துவைக்கும் ஒவ்வொரு கிராம் மாவுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவு கரைந்தால் அதுவும் போகும். கிழங்கு சாப்பிடுகிறவருக்கு அந்த முதல் வார இறக்கம் குறைவாகத்தான் இருக்கும். 30 நாளும் எடைக்கருவியில் ஏறக் கூடாது என்பதும் இந்த முறையின் விதி. அதைக் கடைப்பிடியுங்கள், தினமும் எண்ணைப் பார்த்துத்தான் பாதிப்பேர் கிழங்கைக் குறைக்கிறார்கள்.

கர்ப்பிணிகள், பிள்ளைகள், முன்பு பட்டினி கிடந்து நோய்வாய்ப்பட்டவர்கள்?

வேண்டாம். கிழங்கைச் சாப்பிடட்டும், கட்டுப்பாட்டை விடட்டும்.

30 நாள் முடிந்ததும் சோற்றுக்குத் திரும்பலாமா?

ஒரே நாளில் பிரியாணிக்குப் போகாதீர்கள். ஒரு நாள் பருப்பு மட்டும் சேர்த்து, அடுத்த இரண்டு நாள் பழையபடி இருந்து, உடம்பைக் கவனியுங்கள். அப்புறம் பால், அப்புறம் அரிசி, கடைசியில் கோதுமை. எனக்குப் பருப்பு ஒன்றும் செய்யவில்லை. பால்தான் இரண்டு மணி நேரத்தில் வயிற்றை உப்பவைத்தது, 20 வருடமாக அதைச் சோற்றின் குற்றம் என்று நினைத்திருந்தேன். இப்போது மதியம் சோறு உண்டு, பால் இல்லை. இரவுக்குப் பெரும்பாலும் கிழங்குதான். நேற்று அவித்த மரவள்ளியும், நெத்திலியை வறுத்துச் சீனி போடாமல் நானே அரைத்த சம்பலும்.